நெடுங்கரிசலில் போட்டி இல்லை

நீங்களே சொல்லுங்கள். ஒரு ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் நடக்கிறது. ஒரு கல் விழவில்லை. ஒரு மண்டை உடையவில்லை. பஸ் கண்ணாடிகூட நொறுங்கவில்லை. அதை அமைதியான ஊர் என்பீர்களா, மோதல் ஊர் என்பீர்களா?

இல்லை, யோசிக்காமல் சொல்லுங்கள். யோசித்தால் கெட்டுப்போகும். யோசிக்கிறவர்கள் கையில் மாட்டித்தான் நான் இப்படி ஆகிவிட்டேன்.

அமைதி என்கிறீர்கள். பார்த்தீர்களா! ஜவுளி வியாபாரம் பார்க்கிற உங்களுக்குச் சட்டென்று தெரிகிறது. வெளிநாட்டில் பெரிய பெரிய யுனிவர்சிட்டியில் படித்து, அங்கேயே பாடம் சொல்லிக் கொடுத்து, இங்கே திரும்பி வந்த ஒரு அம்மாவுக்குத் தெரியவில்லை. நேற்று மெட்ராஸில் ஒரு ஏ.சி. ஹாலில் என் சரகத்து ஊரை "கடுமையான மோதல் நிலவும் ஊர்" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது மட்டுமா, அச்சடித்துப் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார்கள்.

நான் போலீஸ் என்று சொன்னேன் அல்லவா? இன்ஸ்பெக்டர். அழகுமலை என் பேர். விருதுநகர்ப் பக்கம். மெதுவாகவே பேசுகிறேன், இந்த ரயில் புறப்பட்டதில் இருந்து அதோ ஜன்னலோரமாகத் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாளே, அவளும் இந்தக் கதையில் இருக்கிறாள். பஞ்சவர்ணம். நெடுங்கரிசல் காலனிக்காரி. அவளையும் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "ஒரே ஊர்ப் பக்கம்தானே, நீங்களே கூட்டிப்போய்க் கூட்டிவந்துவிடுங்கள்" என்று எஸ்.பி. ஐயா சொல்லிவிட்டார். அவள் விழித்திருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன். எனக்கென்ன ஒளிவுமறைவு?

முதலில் இருந்து சொல்கிறேன்.

போன பஞ்சாயத்துத் தேர்தலுக்கு முன்னால் எங்கள் டிபார்ட்மெண்டும் ஒரு யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி என்றார்கள். தேர்தல் நேரத்து மோதல், அதில் காவல்துறை என்ன செய்கிறது, எப்படிச் செய்தால் நல்லது, இதெல்லாம். எங்கள் ஜில்லாவுக்கு வந்தவர் டாக்டர் வசுமதி. நான்தான் அவருக்குத் தொடர்பு அதிகாரி. எதற்கு என்னைப் போட்டார்கள் தெரியுமா? பதற்றமான ஊர்கள் என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் எழுதிக் கொடுக்கும்போது என் ஸ்டேஷனில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஒரு எஃப்.ஐ.ஆர். இல்லை. வழக்கு வரும், வராமல் என்ன? நான் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிடுவேன். பதிவு செய்தால்தானே வழக்கு? பதிவு செய்யாவிட்டால் அது வெறும் மனக்கசப்பு. மனக்கசப்பு எந்த ஊரில் இல்லை?

அந்த அம்மா நல்லவர்தான். கோபமே வராது. பருத்திப் புடவை, கனமான மூக்குக் கண்ணாடி. ஸ்டேஷனில் ஒரு ஓரமாக உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்ப்பார். "நான் பார்வையாளர் மட்டும்தான் இன்ஸ்பெக்டர். எதிலயும் குறுக்கிட மாட்டேன், அது எங்க ஆராய்ச்சி விதி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு பழக்கம் அவருக்கு. யார் பேசினாலும் தலையை ஆட்டுவார். "ம்... ம்..." என்று. எதிரில் இருப்பவர் தயங்காமல் பேச வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வார்களாம், பயிற்சியாம். எங்கள் ஸ்டேஷன் ரைட்டர், சுடலைமுத்து என்று ஒரு ஏட்டு, தன் மூட்டுவலியைப் பற்றி ஒரு மத்தியானம் முழுக்க அவரிடம் பேசினார். கடைசியில் என்னிடம் வந்து, "ஐயா, இந்தம்மா தலையாட்டுற தினுசைப் பாத்தா நான் செய்யாத திருட்டையும் ஒத்துக்கிடுவேன் போலிருக்கே" என்றார். சிரித்தோம்.

இப்போது நெடுங்கரிசலுக்கு வருகிறேன். அந்த முறை தலைவர் பதவி சுழற்சியில் காலனிப் பெண்களுக்கு வந்துவிட்டது. மேலத்தெருவில் கோவிந்தராசு என்று ஒரு பெரிய மனிதர். செங்கல் சூளை, தோட்டம், மாடுகன்று. காலனியில் பாதிப்பேருக்கு அவரிடம்தான் வேலை. அவர் பிரச்சினை பண்ணுகிற ஆள் இல்லை. சட்டம் வந்துவிட்டது, சரி என்றார். ஊர்க் கூட்டம் போட்டு, அவர் மாட்டுத்தொழுவத்தில் வேலை பார்க்கும் சீனியம்மாளை நிறுத்துவது, எதிர்த்து யாரும் நிற்பதில்லை என்று முடிவு பண்ணினார்கள். போட்டியில்லாமல் முடிந்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

இதோ தூங்குகிறாளே பஞ்சவர்ணம், இவள் போய்த் தனியாக மனுத்தாக்கல் செய்துவிட்டாள்.

ஊர் கொதித்துவிட்டது. மேலத்தெருப் பையன்கள் காலனி முக்கில் மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக்கொண்டு சுற்றினார்கள். கோவிந்தராசு எனக்கு போன் பண்ணி, "இன்ஸ்பெக்டர், நம்ம பயலுகள என்னால எவ்வளவு நேரம் புடிச்சு வைக்க முடியும்னு எனக்கே தெரியல" என்றார். அதை மிரட்டல் என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார். கவலைப்பட்டுச் சொன்னால் மிரட்டலா?

நான் என்ன செய்ய வேண்டும்? படையைக் குவிக்கவா? தடியடி நடத்தவா? வாபஸ் வாங்கக் கடைசி நாள் காலையில் ஜீப்பை அனுப்பி இவளைக் கூட்டிவரச் சொன்னேன். மரியாதையாக. வீட்டு வாசலிலேயே ஜீப் நின்றது. முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார்கள். ஸ்டேஷனில் நாற்காலி போட்டேன்.

"உக்காரும்மா."

"பரவால்ல சார். நிக்கிறேன்."

"எதுக்கும்மா உனக்கு இந்த வேலை?"

"தண்ணிக்கு சார்."

"தண்ணிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ்ல மனுக் குடு. தண்ணி வேணும்னு யாராவது தலைவரா ஆவாங்களா?"

"மனுக் குடுத்துக் குடுத்து அலுத்துப்போச்சு சார். மோட்டார் ரூம் சாவி மேலத்தெருவுல இருக்கு. அவங்க தொட்டி ரொம்பி, அவங்க மாடு குளிச்சு, மிச்சம் மீதி இருந்தாத்தான் எங்களுக்குத் தொறந்து விடுறாங்க. சாவிய யார்கிட்ட குடுக்கிறதுன்னு தலைவருதான சொல்லணும்?"

"சீனியம்மாளும் உங்க ஆளுதான? அவகிட்ட கேட்டு வாங்கு."

"எங்க ஆளுதான். எனக்குச் சித்தி முறை. ஆனா அது சாவி கேக்கணும்னா அவரு வீட்டுப் பின்வாசல்லதான போயி நிக்கணும்?"

இப்படி எதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். நான் கோபப்படவில்லை. டீ வாங்கிவரச் சொன்னேன். அவள் புருஷன் கோவிந்தராசு சூளையில் வேலை பார்ப்பதை ஞாபகப்படுத்தினேன். அவள் மகள் பள்ளிக்கூடம் விட்டு மேலத்தெரு வழியாகத்தான் நடந்து வரவேண்டும், சாயங்காலம் இருட்டிவிடுகிறது என்பதையும் ஞாபகப்படுத்தினேன். ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான். ஒரு வார்த்தை அதட்டலாகச் சொன்னேனா? கை ஓங்கினேனா? ஏட்டைக் கேட்டுப் பாருங்கள்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால், அந்த அம்மா உட்கார்ந்திருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க யாரு சார்?"

"மேலிடத்துல இருந்து வந்திருக்காங்க. எலெக்‌ஷன் விஷயமா."

வேறு என்ன சொல்வது? ஆராய்ச்சி, பார்வையாளர் என்றெல்லாம் சொன்னால் அவளுக்கு விளங்குமா?

பிறகு நான் சொன்னேன், "நீ வாபஸ் வாங்கினா ஊருக்கும் நல்லது, உன் குடும்பத்துக்கும் நல்லது. மேடம் முன்னாலயேதான் சொல்றேன்." டீயைத் தொடவில்லை. அப்புறம், "அப்பச் சரி சார்" என்றாள். அதே ஜீப்பில் யூனியன் ஆபீசுக்குப் போய் வாபஸ் வாங்கினாள். நானும் கூடப் போனேன், பாதுகாப்புக்காக. சீனியம்மாள் போட்டியின்றித் தேர்வு. சாயங்காலம் கோவிந்தராசு மாலையும் சால்வையுமாக ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். மாலை வேண்டாம், நான் நடுநிலையான ஆள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மரியாதைக்குச் சால்வையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அந்த அம்மா கேட்கிறார், "நேத்து நடந்தது சரியா இன்ஸ்பெக்டர்?"

"நேத்தே கேட்டிருக்கலாமே மேடம்? நீங்களும் அங்கதான உக்காந்திருந்தீங்க?"

"நேத்து நான் பார்வையாளர்."

"அப்ப இன்னைக்கு?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். கொஞ்ச மாதம் கழித்து மறுபடி வந்தார். சம்பந்தப்பட்டவர்களைத் திரும்பப் பார்த்துப் பேச வேண்டுமாம். பஞ்சவர்ணம் வீட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். "போலீஸ் பக்கத்துல இருந்தா அவங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க" என்று என்னை வெளியே நிற்கச் சொன்னார். நின்றேன். தகரச் சுவர். உள்ளே பேசுவது தெருவுக்கே கேட்கும், எனக்குக் கேட்காதா?

"இன்ஸ்பெக்டர் சொன்னதாலதான் வாபஸ் வாங்குனீங்களா?" என்று கேட்கிறார் அந்த அம்மா.

"அவரு சொன்னதுக்கா?" என்று இவள் சிரிக்கிறாள். "அவரு எப்பவும் சொல்றதுதான். அவரு மட்டும் சொல்லியிருந்தா நான் கலெக்டரைப் போய்ப் பாத்திருப்பேன். கலெக்டர் கேக்கலேன்னா எலெக்‌ஷன் ஆபீசுல போயி உக்காந்திருப்பேன். நீங்க தலைய ஆட்டுனீங்க. அவரு ஒவ்வொண்ணு சொல்லச் சொல்ல நீங்க ஆட்டிக்கிட்டே இருந்தீங்க. மேலிடம்னு வேற சொன்னாரு. சரி, கவர்மெண்டே இதத்தான் சொல்லுது, இனிமே யார்கிட்ட போயிச் சொல்லன்னு நெனச்சேன்."

எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா ரெக்கார்டரை அணைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. எனக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது! என் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள் அல்லவா? சாட்சி, தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் நான்.

ஆகவே நான் என்ன எதிர்பார்ப்பேன்? புத்தகத்தில் அது வரும் என்றுதானே? கூடவே, கலவரம் இல்லாமல் தேர்தல் நடத்திய ஸ்டேஷன் என்று நாலு வரி என்னைப் பற்றியும் வரும். டி.எஸ்.பி. பதவி உயர்வுக்கு என் பேர் மேலே போயிருக்கிற நேரம். வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

நேற்று விழா. மேடையில் பூச்செண்டு, குத்துவிளக்கு, எல்லாம். புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டுகிறேன். நெடுங்கரிசலுக்கு வேறு பேர் வைத்திருக்கிறார். இவளுக்கும் வேறு பேர். நான் "அதிகாரி அ". அடையாளம் தெரியக்கூடாதாம். அடையாளம் தெரியக்கூடாதவளை முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள், அவளைக் கூட்டிவந்த அதிகாரி 'அ' இரண்டாவது வரிசையில். எங்கள் ஜில்லாவில் இருந்து வந்த அத்தனை பேரும் என்னைத்தான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். "சத்தமில்லாத வன்முறை" என்று ஒரு அத்தியாயம். அத்தியாயம் முழுக்க நான்தான். ஜீப், டீ, சூளை, மகள் நடந்து வருகிற பாதை, சால்வை. ஒன்றையும் விடவில்லை. தலையாட்டலை மட்டும் காணோம்.

கேள்வி நேரம் வந்தது. எழுந்துவிட்டேன். எனக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை.

"மேடம், அந்தம்மா எதுக்காக வாபஸ் வாங்குனேன்னு உங்ககிட்ட வேற ஒரு காரணம் சொன்னாங்களே, அது எங்க?"

தலைமை தாங்கிய பெரிய அதிகாரி, "உட்காருங்க இன்ஸ்பெக்டர், டீ டைம்ல பேசிக்கலாம்" என்றார். அந்த அம்மா விடவில்லை. மைக்கை எடுத்து, "இன்ஸ்பெக்டர் சொல்றது உண்மை. ஆய்வின் வரம்புகள் பகுதியில அதைக் குறிப்பிட்டிருக்கேன்" என்றார்.

தேடினேன். கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், இருக்கிறது: "ஆராய்ச்சியாளரின் இருப்பும் பங்கேற்பாளரின் முடிவில் தாக்கம் செலுத்தியிருக்கக்கூடும்." அவ்வளவுதான். எனக்கு ஒரு அத்தியாயம், அவருக்கு ஒரு வாக்கியம். இது எந்த ஊர் நியாயம்? செலுத்தியிருக்கக்கூடுமாம்! செலுத்தவில்லையா? நாலு பேர் முன்னால் நான் தலைகுனிந்து உட்கார்ந்தேனே, பதவி உயர்வு இனிமேல் எங்கே வரப்போகிறது?

பஞ்சவர்ணமா? அவள் பேசவில்லை. மைக் அவளைத் தாண்டித்தான் போனது. அவளிடம் கேட்க என்ன இருக்கிறது? எல்லாம்தான் புத்தகத்தில் இருக்கிறதே.

தண்ணீரா? அது அப்படியேதான் வருகிறது என்று நினைக்கிறேன். அது என் டிபார்ட்மெண்ட் இல்லை.

இன்னொரு தலைவலி என்னவென்றால், சீனியம்மாள் போன மாசம் நெஞ்சுவலியில் இறந்துவிட்டாள், பாவம். இடைத்தேர்தல் அறிவித்துவிட்டார்கள். திங்கட்கிழமை மனுத்தாக்கல் தொடங்குகிறது. கோவிந்தராசு நேற்று ராத்திரியே போன் பண்ணிவிட்டார், வேறு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாராம், தொழுவத்தில் சீனியம்மாள் இடத்துக்கு வந்தவள். "நம்ம ஊர் எப்பவும் போல அமைதியா இருக்கணும் இன்ஸ்பெக்டர்" என்றார். அதுதானே எனக்கும் வேண்டும்? இவள் கண் விழித்ததும் பக்குவமாக இரண்டு வார்த்தை சொல்லிவைக்கலாம் என்றிருக்கிறேன். இங்கே ஜீப் இல்லை, ஸ்டேஷன் இல்லை, புரொஃபஸர் இல்லை. யாரும் எதையும் எழுத முடியாது.

"சார்."

என்ன பஞ்சவர்ணம், முழிச்சிட்டியா?

"நான் தூங்கல சார்."

எப்ப இருந்து?

"செங்கல்பட்டுல இருந்து. நீங்க சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு."

என்ன விட்டுப்போச்சு? எல்லாத்தையும்தான சொன்னேன்.

"அன்னிக்கு யூனியன் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்து நான் அழுதேன். 'அழாத, அடுத்த தடவை நில்லு, நானே உன்கூட வந்து நிக்கிறேன்'னு சொன்னீங்க."

சொன்னேனா? சொல்லியிருப்பேன். ஆறுதலுக்கு ஆயிரம் சொல்வோம் ஐயா, எங்கள் வேலை அப்படி. அழுகிற பொம்பளையிடம் வேறு என்ன சொல்வது?

"அடுத்த தடவை வந்துருச்சு சார். திங்கக்கிழமை பத்து மணிக்கு மனுப் போடப் போறேன். காலனியில இருந்து நடந்துதான் போவோம், மேலத்தெரு வழியா. நீங்க யூனிஃபார்ம்ல கூட வரணும்."

அம்மா, அதெல்லாம் நான் மட்டும் முடிவு பண்றதில்ல. மேலே கேக்கணும். சூழ்நிலையைப் பாக்கணும்.

"ஜீப்ப எடுத்துக்கிட்டு வாபஸ் வாங்க வந்தப்ப மேலே கேட்டீங்களா சார்?"

பார்த்தீர்களா, எப்படிப் பேசுகிறாள் என்று? இவளைத்தான் புத்தகத்தில் பாவம், வாயில்லாதவள் என்று எழுதியிருக்கிறார்கள்.

"வருவீங்களா, மாட்டீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

பாக்கலாம்மா. பாக்கலாம்னு சொல்றேன்ல.

"சரி. அண்ணே, உங்களத்தான். இவ்வளவு நேரமா சார் சொன்னதக் கேட்டுட்டு வந்தீங்கள்ல? நான் கேட்டதையும் கேட்டீங்க, அவரு சொன்ன பதிலையும் கேட்டீங்க. திங்கக்கிழமை எங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாலு பேர்கிட்ட அதைச் சொல்லுவீங்களா? உங்க பேரு என்ன? எந்த ஊரு?"

ஐயா, வேண்டாம். நல்லதுக்குச் சொல்கிறேன். நீங்கள் வியாபாரி, நாலு ஊர் போய் வருகிறவர். உங்களுக்கும் நெடுங்கரிசலுக்கும் என்ன சம்பந்தம்? கதை கேட்டீர்கள், பொழுது போனது, அதோடு விடுங்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், திருச்சி வரப்போகிறது. நான் பேசிக்கொள்கிறேன் அவளிடம். இது வெறும் மனக்கசப்பு, பேசினால் சரியாகிவிடும்...

ஐயா! பேரைச் சொல்வதானால் அவள் காதில் சொல்லக் கூடாதா? இவ்வளவு சத்தமாகவா? பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது.